ஒதில் துடைச்ச தூண்கள்

ஒரு ஊர்ல ஒரு குன்று. குன்று மேல ஒரு ஊரு, குன்றுக்குள்ள இன்னொரு ஊரு. எந்த ஊரா? இதே லுவெர்சிதான் கண்ணு. நாம படுத்திருக்கோமே, இதே குன்றுதான். ம் சொல்லு.

அப்போ இங்க ரயில் வரல. பாரீஸுக்குக் குதிரை வண்டியில அரை நாள். ஓடைக்கு அந்தப் பக்கம் கோதுமை, இந்தச் சரிவுல திராட்சை. குன்றுக்குள்ள பூரா வெள்ளைக் கல்லு. வெட்டிச் சுட்டு அரைச்சா, சுவத்துக்குப் பூசுற மாவு. பாரீஸ்ல பாதிச் சுவரை வெள்ளையாக்கினது இந்தச் சின்ன ஊருன்னு பெருமையாச் சொல்லிக்குவாங்க.

வெட்டி வெட்டி உள்ள ஒரு ஊரே அடங்குற பெரிய பொந்து. குன்று உக்காந்துடாம இருக்க, கல்லையே அங்கங்க தூணா விட்டு வெச்சாங்க. மேல ஒரு வீடு கட்டினா, கீழ இறங்கி அதுக்கு நேர் அடியில இருக்கிற தூண்ல கரியால வீட்டுப் பேரை எழுதுவாங்க. அப்புறம் அந்தத் தூணை யாரும் தொட மாட்டாங்க.

அங்க ஒதில்னு ஒருத்தி, துணி வெளுக்குறவ. புருஷன் செத்துட்டான். அவன் ஆயுசுல எழுதினது ஒண்ணே ஒண்ணு, தூண்ல 'ஒதில் வீடு'ன்னு.

ஒரு வருஷம் கல்லு தீந்துபோச்சு. தூணுங்கதான் மிச்சம். அப்போ சுரங்க முதலாளி வாஸ்லன் ஒதில் வீட்டுக்கு வந்தாரு. "உன் தூணைத் தொட மாட்டேன். மத்ததை வெட்டுறப்போ நீ வாயைத் தொறக்காத"ன்னாரு.

மறுநாள் ஓடையில பொம்பளைங்க தப்பு தப்புன்னு துணி துவைக்கிறாங்க. மத்த நாள்ல வாய் ஓயாது. அன்னைக்கு ஒருத்தியும் பேசல. ஒதிலுக்குப் புரிஞ்சுபோச்சு. வாஸ்லன் எல்லா வீட்டுக்கும் போய் இதையே சொல்லியிருக்காரு. எல்லாரும் தலையாட்டியிருக்காங்க. அவங்கவங்க தூண் நின்னா அவங்கவங்க வீடு நிக்கும்னு நினைச்சுட்டாங்க. குன்று ஒண்ணுதானே?

ம். தூங்கிட்டியா?

ஞாயித்துக்கிழமை எல்லாரும் மாதா கோயில்ல இருக்கறப்போ, ஒதில் வாளியும் ஈரத்துணியுமா உள்ள இறங்கினா. சரக் சரக்குன்னு ஒவ்வொரு பேரா அழிச்சா. கடைசியா அவ தூண். புருஷன் கையால எழுதினது. நானா இருந்தா அதை மட்டும் விட்டிருப்பேனோ என்னவோ. அவ விடல. சரக்.

திங்கக்கிழமை வாஸ்லன் ஒரு தூணைக் காட்டி வெட்டச் சொன்னாரு. உள்ள போற வழியில நூறு வளைவு. பேர் இல்லாம எது யார் வீட்டுக்குக் கீழன்னு யாருக்கும் தெரியல.

முதல் ஆளு, "இது என் வீடா இருந்தா?"ன்னு கடப்பாரையைப் போட்டான். டொங்.

ரெண்டாவது ஆளு பேர் இருக்கான்னு தூணைத் தடவிப் பார்த்துட்டு, அவனும் போட்டான். டொங்.

மூணாவது ஆளு வாஸ்லனோட சொந்த மச்சான். "உங்க வீடும் மேலதான இருக்கு மாமா"ன்னான். டொங்.

வெளியூர் ஆளைக் கூட்டிட்டு வரேன்னு வாஸ்லன் கத்திட்டுப் போனாரு. அன்னையிலேர்ந்து ஊர்க்காரங்க வீட்டுக்கு ஒருத்தர்னு முறை வெச்சு, சுரங்க வாசல்ல உக்காந்துட்டாங்க. அவர் ஓஞ்சு போற வரைக்கும். அப்புறம் திராட்சை போச்சு, ரயில் வந்துச்சு, நாமளும் வந்தோம். குன்று அப்படியே நிக்குது.

நம்ம தூண் எதுன்னா கேக்குற? தெரியாதும்மா. யாருக்குமே தெரியாது. அதனாலதான் நிக்குது. கதை குன்றுக்குள்ள இறங்கிப் போயிடுச்சு, நீயும் கண்ணை மூடு.