பெருமாள் உதறிய போர்வை

பெருமாள் கிழித்த இரணியனின் வயிற்றை அன்றைக்கே தம்மிடம் கொண்டுவந்திருந்தால், தையல் போட்ட இடமே தெரியாமல் மூட்டிக் கொடுத்திருக்கலாம் என்பது தையல் மாஸ்டர் உலகளந்தானின் உறுதியான கருத்து. பூந்துறைநல்லூரில் இதை யாரும் மறுத்ததில்லை. சோதித்துப் பார்க்க இரணியன் இல்லை.

அவர் கடைக்கு எதிரே தள்ளுவண்டியில் துணி தேய்த்துப் பிழைத்தவர் நாச்சியாரம்மை. கணவரை இழந்தவர். கரிப்பெட்டியைத் துணிமேல் இழுக்கவே மாட்டார். வைப்பார், "கோவிந்தா" என்பார், எடுப்பார், அடுத்த இடத்தில் வைப்பார். ஊரார் சட்டைகள் யாவும் திருநாமம் கேட்டே மடிந்தன.

கார்த்திகை ஏகாதசியன்று அவ்வூர்ப் பள்ளிகொண்ட பெருமாளுக்குக் குளிருக்காக ஒட்டுப்போர்வை சாத்துவது வழக்கம். வீட்டுக்கொரு துண்டுத் துணி வரும். மாஸ்டர் அவற்றைக் கட்டம் கட்டமாக இணைப்பார். ஒவ்வோர் இணைப்பையும் அம்மையார் தேய்த்துக் கொடுத்த பிறகே அடுத்த தையல். திருமேனியில் போர்வை நிற்காவிட்டால் ஊர்த் துணியைப் பெருமாள் ஏற்கவில்லை என்று பொருள். அவரவர் துணி அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

அவ்வாண்டு அம்மையார் கொடுத்தது, கணவர் கடைசிவரை தோளில் போட்டிருந்த துண்டின் ஒரு மூலை. அது பெருமாள்மேல் கிடக்க வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு விண்ணப்பம் இல்லை.

மாஸ்டருக்கோ பொறுமை தீர்ந்திருந்தது.

"ஏம்மா, தையலுக்குத் தையல் ஒரு கோவிந்தாவா? பந்தி நடக்கும்போதே எவனாவது இலை எடுப்பானா? எல்லாத்தையும் தைச்சிட்டுக் கடைசியில ஒரே இழுப்பு. முடிஞ்சுது."

"இழுத்தா கட்டம் கோணிக்கும்ண்ணே."

"கோணினா பெருமாள் டேப்பு வெச்சு அளக்கப் போறாரா? நான் பார்த்துக்கறேன், போம்மா."

அம்மையார் வண்டிக்குத் திரும்பி யாருடைய வேட்டியையோ கோவிந்தா சொல்லித் தேய்த்தார்.

மாஸ்டர் மொத்தத்தையும் தைத்து, தம் கரண்ட் பெட்டியால் இழுத்தார். இழுத்த பக்கமெல்லாம் துணியும் கூடவே போயிற்று. நடுவில் கவிழ்த்த சட்டிபோல் மேடு. ஓரமெல்லாம் பொரித்த அப்பளம்.

ஏகாதசி காலையில் கோயில் பட்டர் போர்வையைச் சாத்தினார். சரிந்து விழுந்தது. மறுபடியும் சாத்தினார். மறுபடியும் விழுந்தது. பெருமாள் பள்ளிகொண்ட நாள்தொட்டுப் புரண்டு படுத்ததாகத் தகவல் இல்லை.

"என்ன மாஸ்டர், பெருமாள் உதறிண்டே இருக்காரே?" என்றார் பட்டர். "சாயங்கால தீபாராதனைக்குள்ள ஏதாவது பண்ணும்."

மாஸ்டரிடம் முதல்முறையாகக் கருத்து ஏதும் இல்லை. போர்வையைத் தூக்கிக்கொண்டு வண்டியடியில் வந்து நின்றார்.

"பிரிங்கண்ணே" என்றார் அம்மையார்.

மாஸ்டர் பிரித்தார். அம்மையார் ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் தெளித்து, கோணலைக் கையால் நீவி நேராக்கி, பெட்டியை வைத்து வைத்து எடுத்தார். மாஸ்டர் தைத்தார். தைத்ததை மறுபடி நீட்டினார். பாதி வேலையில் தூறல் விழுந்து கரி அணைந்தது. செய்தி கேட்ட பட்டர் மடைப்பள்ளி அடுப்பிலிருந்து தணல் கொண்டுவந்து, தாமே பெட்டியில் இட்டார். பெருமாளின் அமுதை வேகவைத்த நெருப்பு. ஊர் அதைப் பெரிதாகப் பேசிற்று. அம்மையாரின் வாயிலோ வேறு சொல் இருந்தது.

மாலையில் சாத்திய போர்வை அசையவே இல்லை.

"அம்மா, கிட்ட வந்து சேவிச்சுக்கோங்கோ" என்று பட்டர் அழைத்தார். கணவரின் துண்டுமூலை திருவடிமேல் கிடந்தது. அங்கே வரவேண்டும் என்று யாரும் அளந்து வைத்ததல்ல.

மறுநாள் மாஸ்டர் வழக்கம்போல் இரணியனைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் கலைந்ததும், ஓர் உள்பாவாடையின் புதுத் தையல்மேல் பெட்டியை வைத்தார். இழுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

எதிரே நாச்சியாரம்மை அதைக் கண்டும் காணாதவராகத் தலையைக் குனிந்துகொண்டார். அடியார் பெருமை அத்தகையது.

மாஸ்டர் பெட்டியை எடுத்தார். அடுத்த இடத்தில் வைத்தார்.