மானிட்டரில் மட்டும்

“எட்டு மாசமா நான் வாசிச்சதை ஒருத்தரும் கேக்கலை, மாஸ்டர்.”

“என்னது?”

மாவுக்கடையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இன்னாசி குரலை உயர்த்தினான்.

“எட்டு மாசமா நான் வாசிச்சதை ஒருத்தருமே கேக்கலை!”

இட்லி மாவு வாங்க நின்றிருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தாள். பாவம் என்று நினைத்தாளோ, பைத்தியம் என்று நினைத்தாளோ, பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

இன்னாசிக்கு வயது ஐம்பத்து மூன்று. மாஸ்டர் ரெஜினா அவனைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் கற்றுக்கொண்டவன் அவன், கற்றுக்கொடுத்தவர் அவர். நான் அப்படித்தான் எழுதுவேன்.

திருச்சி பொன்மலையில், முப்பது வருஷத்துக்கு முன்னால், பதினேழு வயதுப் பெண்ணிடம் போய்க் கிட்டார் பழகினான் என்று அவன் சேக்காளிகள் செய்யாத கேலி இல்லை. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரைப் போல வாசிக்க அன்றைக்குப் பொன்மலையில் ஆள் கிடையாது. அவருக்கும் அவனைத் தவிர வேறு சீடர் வாய்க்கவில்லை.

“உக்காருங்கண்ணே. என்ன ஆச்சு?”

இன்னாசி கிட்டார் பையை அரிசி மூட்டைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

“போன ஞாயித்துக்கிழமை ஒரு ரிசப்ஷன். சோலோ வாசிச்சுக்கிட்டு இருக்கேன், முதல் கம்பி அறுந்துடுச்சு.”

“அறுந்துபோறதுதான்.”

“கம்பி அறுந்துச்சு, என் கை நின்னுடுச்சு. சோலோ நிக்கலை மாஸ்டர்.”

ரெஜினா கிரைண்டரை நிறுத்தினார்.

“மண்டபத்துல அது பாட்டுக்கு ஓடுது. ஒரு பிசிறு இல்ல. நான் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டுறாங்க.”

மேடையில் வாசிப்பவரின் காலடியில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருக்கும். மானிட்டர் என்பார்கள். அவர் வாசிப்பது அவருக்கே கேட்க வேண்டும் என்பதற்காக வைப்பது. மண்டபத்துக்குப் போகும் ஸ்பீக்கர்கள் வேறு.

எட்டு மாதத்துக்கு முன்னால் மெல்லிசைக் குழுவின் முதலாளி அம்புரோஸ் புதுக் கீபோர்டு ஒன்று வாங்கினார். கிட்டார், புல்லாங்குழல் எல்லாம் அதிலேயே பதிவாகி வந்துவிட்டது. புல்லாங்குழல்காரரை நிறுத்திவிட்டார். இன்னாசியை நிறுத்த மனசு வரவில்லை, இருபத்தாறு வருஷப் பழக்கம். வீடியோவில் ஒருவர் கிட்டாரோடு நிற்பது கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் பிடிக்கும். அதனால் சவுண்டு பார்க்கும் தாமுவிடம் சொல்லி வைத்தார். இன்னாசியின் கிட்டாரை மண்டபத்துக்குக் கொடுக்க வேண்டாம், அவன் மானிட்டரில் மட்டும் கொடு.

நல்ல மனுஷர்கள் செய்கிற கொடுமைக்கு ஈடே கிடையாது.

“தாமுவைப் பிடிச்சு உலுக்கினேன். அழுதுட்டான். ‘உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு சொன்னாருண்ணே’ங்கிறான்.”

“அந்த எட்டு மாசம் எப்பிடி வாசிச்சீங்க?”

“நல்லாத்தான் வாசிச்சேன்! அதான மாஸ்டர் வயித்தெரிச்சல்!”

இன்னாசி கிட்டார் பையை அவர் பக்கம் தள்ளினான்.

“இந்தக் கிட்டாரை நீங்களே வச்சுக்கங்க. யாருக்காவது குடுங்க, அடுப்புல வைங்க, எனக்கு வேணாம். இனிமே நான் தொட மாட்டேன்.”

சும்மா சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பழக வந்த புதிதில், ஆட்டோகிராப் கேட்டு வருகிறவர்களுக்காக நோட்டு நோட்டாகக் கையெழுத்துப் போட்டுப் பார்த்தவன் இவன். கேசட் அட்டையில் தன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதுவரை முடிவு செய்திருந்தான். ரயில்வே பணிமனையில் அப்ரன்டிஸ் பரீட்சை எழுத வேண்டிய நாளில், கும்பகோணத்தில் கச்சேரி என்று பஸ் ஏறிவிட்டான். பரீட்சை எழுதினவர்கள் இன்றைக்கு ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். அவர்களை மார்க்கெட்டில் இறக்கிவிடுகிற ஷேர் ஆட்டோவை இன்னாசி ஓட்டுகிறான். கேசட் வரவில்லை. கேசட்டின் காலமும் போய்விட்டது.

ரெஜினா எழுந்து கிட்டார் பையைத் திறந்தார்.

“கம்பி மாத்தலையா?”

“எதுக்கு மாத்தணும்?”

அவர் கல்லாவுக்குக் கீழேயிருந்த பெட்டியைத் துழாவி ஒரு கம்பிச் சுருளை எடுத்தார். தானே மாட்டினார், முறுக்கினார், சுருதி பார்த்தார். ஈர மாவு காய்ந்த விரல்கள்.

பிறகு கிரைண்டரைப் போட்டார். பக்கத்திலிருந்த இரண்டாவது கிரைண்டரையும் போட்டார். கடை அதிர்ந்தது. அதற்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார்.

அது எலெக்ட்ரிக் கிட்டார். வயர் மாட்டாவிட்டால் அமைதியான அறையிலேயே முனகல்தான் வரும். இன்னாசி காதை நீட்டிப் பார்த்தான். உளுந்து அரைபடுகிற சத்தம்தான் கேட்டது.

வாடிக்கையாளர் ஒருவர் வந்து பாத்திரத்தால் மேசையைத் தட்டினார். ரெஜினா நிமிரவில்லை. இன்னாசிதான் எழுந்து மாவு எடுத்துக் கொடுத்தான்.

ஒருமுறை அவர் கிட்டாரை மடியில் கவிழ்த்துவிட்டு உளுந்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தார். உளுந்து பொங்கி வந்த பிறகுதான் எழுந்தார். இரண்டு கிரைண்டரும் நின்றன.

“என்ன வாசிச்சீங்க மாஸ்டர்? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே.”

“உங்களுக்கு யாரு வாசிச்சா?”

இன்னாசிக்குச் சுருக்கென்றது.

“நீங்க சொல்லுவீங்க. உங்களுக்கென்ன, மாவு இருக்கு, கடை இருக்கு. பேர் வாங்கணும்னு அலைஞ்சவனுக்குத்தான் இந்த வலி தெரியும்.”

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. ரெஜினா கோபப்படவில்லை. பாத்திரத்தில் உளுந்து மாவை வழித்துக்கொண்டே பேசினார்.

“இருபது வயசுல மெட்ராசுக்குப் போனேன். மூணு வருஷத்துல திரும்பி வந்துட்டேன். ஏன் வந்தேன்னு நீங்க ஒருநாளும் கேட்டதில்லண்ணே.”

“கேக்கத் தோணலை.”

“டிவியில ஒரு நிகழ்ச்சி. பொண்ணு கிட்டார் வாசிக்குதுன்னு கூப்பிட்டாங்க. ஒரு வாரம் விரல் வீங்குற அளவுக்குப் பழகிட்டுப் போனேன். அங்க அவங்களே ஒரு கிட்டார் கொடுத்தாங்க. நல்ல சிவப்பு, பளபளன்னு இருந்துச்சு. கம்பி இல்ல.”

“கம்பி இல்லையா?”

“கேமராவுல தெரியாதாம். சிரிச்சா போதும்னாங்க.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“சிரிச்சேன்.”

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்று, பிறகு போய்விட்டது.

“ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் கிட்டாரைத் தொடலை. அந்தச் சத்தம் காதுல விழுந்தாலே உடம்பெல்லாம் கூசும்.”

“அப்புறம் எப்பிடித் தொட்டீங்க?”

“கிரைண்டர் வாங்கினேன்ல.”

இன்னாசிக்குப் புரியவில்லை.

“அது ஓடுனா, நான் வாசிக்கிறது எனக்கே சரியாக் கேக்காது. அப்பத்தான் கை கம்பிகிட்ட போச்சு.”

ரெஜினா கிட்டாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

“ஞாயித்துக்கிழமை கச்சேரி இருக்கா?”

“இருக்கு. நான் போகலை. போனாலும் அம்புரோஸ் சட்டையைப் பிடிச்சு, என் லைனைத் திறந்துவிடுய்யான்னு கேக்கத்தான் போவேன்.”

“அவர்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. போங்க, வாசிங்க. அதுக்கப்புறமும் வேணாம்னு தோணுச்சுன்னா கொண்டாந்து கொடுங்க. வாங்கிக்கிறேன்.”

“தெரிஞ்சே போய் அவமானப்படச் சொல்றீங்களா?”

“அவமானம் போன வாரமே ஆயிடுச்சுண்ணே. இந்த வாரம் வாசிக்கத்தான்.”

பையை அவன் தோளில் மாட்டிவிட்டார். கையில் ஒரு பாக்கெட் மாவையும் திணித்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மண்டபம் நிறையக் கூட்டம்.

அம்புரோஸ் வந்து இன்னாசியின் தோளில் கை போட்டார்.

“கம்பி மாத்திட்டியா? போன வாரம் நீ முகம் வெளுத்து நின்னதைப் பாத்து எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சுய்யா. உடம்பைப் பாத்துக்க.”

இன்னாசி மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்க ஒரு மாதம் அலைந்தவர் இந்த அம்புரோஸ்தான். சட்டையைப் பிடிக்க நினைத்த கை, தோளில் கிடந்த கையைத் தட்டிவிடக்கூட எழவில்லை.

“சரி பாஸ்,” என்றான்.

மண்டபத்தின் கடைசியில், ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பலகைக்குப் பின்னால் தாமு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயசு ஆள், திட்டு வாங்கின பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

முதல் பாட்டுக்கு இன்னாசி கம்பியைத் தொடவே இல்லை. விரலைக் கம்பிக்கு மேலே காற்றில் ஆட்டினான். மண்டபத்தில் கிட்டார் பிரமாதமாக ஒலித்தது. முன்வரிசையில் ஒருவர் அவனைப் பார்த்துத் தலையாட்டி ரசித்தார். இன்னாசிக்கு அழுகை முட்டியது.

இரண்டாவது பாட்டுக்கு வேண்டுமென்றே தப்பாக வாசித்தான். பாட்டு ஒரு சுருதி, இவன் வேறு சுருதி. மானிட்டர் அவன் காலடியில் நாராசமாகக் கத்தியது. பாடுகிற பெண் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடினாள். மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள் இரண்டாம் பந்திக்கு எழுந்து போனார்கள். அந்த மண்டபத்திலேயே காது கூசியது இன்னாசி ஒருவனுக்குத்தான்.

பாதிப் பாட்டில், அவனையறியாமல், கை சரியான சுருதிக்கு வந்துவிட்டது.

மூன்றாவது பாட்டைச் சரியாகவே வாசித்தான். சலிப்போடுதான் வாசித்தான்.

நான்காவது ஒரு பழைய மெலடி. அதன் இடையிசையை இருபத்தாறு வருஷமாக ரெக்கார்டில் இருப்பது போலவே வாசித்துவந்தான். ஒரு ஸ்வரம் மாறினால்கூடக் கூட்டம் முகம் சுளிக்கும், அம்புரோஸ் திரும்பிப் பார்ப்பார். இன்றைக்கு யாருக்குப் பயம்? வழக்கமாக ஓடிக் கடக்கிற இடத்தில் இரண்டு ஸ்வரத்தை விட்டுவிட்டான்.

அந்த இடைவெளி நன்றாக இருந்தது.

நிஜமாகவே நன்றாக இருந்ததா, இல்லை பிரமையா? இரண்டாவது இடையிசைக்காகக் காத்திருந்தான். இன்னும் ஒன்றை விட்டான். மிச்சமிருந்ததைக் கொஞ்சம் தாமதித்துத் தொட்டான்.

தேவலாம். ஆனால் அந்தக் கடைசி ஸ்வரம் இன்னும் சரியில்லை.

ஐந்தாவது பாட்டு, ஆறாவது பாட்டு. இன்னாசி ஒரு நாற்காலியை மானிட்டருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். கூட்டத்துக்கு முதுகு காட்டுகிறோம் என்பதுகூட அவனுக்கு நினைவில்லை. வீடியோக்காரர் கையைக் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்.

ஆறாவது பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். வெள்ளை நிறக் கார் ஒன்று வாசலை மறித்து நிற்கிறது, உரிமையாளர் உடனே வந்து எடுக்கவும் என்றார். இரண்டு தடவை சொன்னார். பிறகு மணமக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வாத்தியக்காரர்கள் தண்ணீர் குடித்தார்கள்.

மிக்சரில் ஒவ்வொரு லைனையும் தனியாக ஹெட்போனில் கேட்க ஒரு பட்டன் உண்டு. குற்ற உணர்ச்சியோ என்னவோ, தாமு அன்றைக்கு இன்னாசியின் பட்டனை அமுக்கிவிட்டு நாலாவது பாட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது பாட்டே இல்லை. ஆனாலும் ஹெட்போனில் கிட்டார் கேட்டது.

தாமு எழுந்தான். நாற்காலி வரிசைகளை இடித்துக்கொண்டு ஓடி வந்தான். மேடையின் பக்கவாட்டுப் படியில் ஏறி, குனிந்தபடியே வந்து இன்னாசிக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். கண் கலங்கியிருந்தது.

“அண்ணே, ஹெட்போன்ல கேட்டேண்ணே. இத்தனை வருஷத்துல நீங்க இப்பிடி வாசிச்சு நான் கேட்டதே இல்ல.”

இன்னாசி நிமிரவில்லை.

“அடுத்த பாட்டுக்கு கீபோர்டு கிட்டாரை நான் அடைச்சிடுறேன். உங்க லைனை முழுசாத் திறந்து மண்டபத்துக்குக் கொடுக்கிறேன். பாஸ் திட்டட்டும், என்னை வேலையைவிட்டே எடுக்கட்டும். ஊரே கேக்கட்டும்ணே. என்ன சொல்றீங்க?”

இன்னாசியின் விரல்கள் கம்பியிலேயே ஓடிக்கொண்டிருந்தன.

“அண்ணே! உங்களைத்தான். திறக்கவா?”

“சும்மா இரு தாமு. வாசிச்சுக்கிட்டு இருக்கேன்ல?”