ஒரே அட்டை

சுடலைமணி செய்துகொடுத்த ஏற்பாட்டை ஊரே மெச்சியது. வட்டாரத்துப் பள்ளிக்கூடம், காலேஜ், நூலகம், ஆபீஸ் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. காட்டினால் கதவு திறக்கும், கம்ப்யூட்டர் திறக்கும், புத்தகம் கைக்கு வரும். மாலை என்ன, சால்வை என்ன, போட்டோ என்ன! மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் இசக்கியம்மாள் விஷயம் காதுக்கு வந்தது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்ததில், பள்ளிக்கூடத்தில் பேரை எடுத்து அட்டையையும் மூடிவிட்டார்கள். போகட்டும், தனியாகப் பரீட்சை எழுதிவிடலாம் என்று நூலகத்துக்கு வந்தாள். அங்கேயும் கதவு திறக்கவில்லை. ஒரே அட்டை அல்லவா?

சுடலைமணிக்குச் சோறு இறங்கவில்லை. காலேஜில் தொழில் கற்றுக்கொடுத்த ரெஜினா மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னான்.

"எங்கே தப்புப் பண்ணினேன் மேடம்?"

"அவ அட்டையை யார் திரும்பத் திறக்கணும்?"

"கொடுத்த இடம்தான். பள்ளிக்கூடம்."

"கேட்டியா?"

"முடியாதுன்னுட்டாங்க."

"நூலகர் திறக்கலாமே?"

"அந்த அதிகாரத்தை நான் வேற யாருக்கும் வைக்கலை மேடம். ஆளாளுக்குத் திறந்தா வெளங்குமா?"

மேடம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவனும் பின்னாலேயே போனான்.

நூலகப் படியில் உட்கார்ந்து இசக்கி படித்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். மேடம் தன் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து, "போ தாயி, உள்ளே போ" என்றார்.

சுடலைமணி பதறிப்போனான். "ஐயோ மேடம்! உங்க அட்டையில அவ நுழைஞ்சா கேமரா காட்டிக் கொடுத்துரும். உங்க அட்டையும் செத்துரும்."

"தெரியும்" என்றார் மேடம்.

அன்று பூட்டும் நேரம் வரைக்கும் அந்தப் பிள்ளை தலையைத் தூக்காமல் படித்தாள். அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் சுடலைமணியின் அலுவலகத்தில் வகுப்பெடுக்க மேடம் வந்தார். அட்டையைக் காட்டியதும் கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது. வகுப்புக்கு வந்தவர்கள் எல்லாம் உள்ளே காத்திருந்தார்கள். சுடலைமணி ஓடிவந்தான். நடுவே கண்ணாடிக் கதவு.

"அட்டை கொடுத்த உங்க காலேஜ்ல சொல்லித் திறக்கச் சொல்றேன் மேடம்!"

"காலேஜையே போன வருஷம் மூடிட்டாங்க."

கொடுத்த இடமே இல்லை என்றால் யாரைக் கேட்பது? அப்படி ஒன்று நடக்கும் என்று அவன் நினைத்தே பார்த்ததில்லை.

"அந்தப் பிள்ளை இன்னைக்கு வந்தாளா மேடம்?"

"தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டுற வேலைக்குப் போயிட்டா. இனிமே எங்கே படிக்கப் போறா."

அவன் தன் அட்டையைக் கையில் எடுத்தான். கதவருகே கொண்டுபோனான். அப்படியே நின்றுவிட்டான்.

"நான் உங்களை உள்ளே விட்டா என் அட்டையும் போயிரும் மேடம். வேலை போயிரும். உங்களை எனக்குத் தெரியாதா? என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க."

மேடம் கோபப்படவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"நூலகரும் இசக்கிகிட்ட இதையேதான் சொன்னாராம், மணி."