மூணு படமும் ஒத்துப்போன கல்யாணம்

ஒரே கல்யாணத்தை மூன்று பேர் மூன்று படமாக வரைந்தால், தாலி எந்தப் படத்தில் ஏறும்? தெரியவில்லையா? கவலைப்படாதீர்கள். இதையெல்லாம் யோசிப்பதற்கென்றே சுரைக்காய்ப்பட்டியில் ஒரு கம்பெனி இருந்தது. அவர்களுக்கும் தெரியாது.

கம்பெனியின் முதலாளி சட்டைநாதன். சாஃப்ட்வேர் செய்து தருகிறவர். அவருடைய அக்கா கோமளவல்லி அதே ஊரில் கல்யாண மண்டபம் வைத்திருந்தாள். போன முகூர்த்தத்தில் யாரென்றே தெரியாத ஒரு கூட்டம் முதல் பந்தியில் உட்கார்ந்து ஜாங்கிரியை ஒன்று விடாமல் முடித்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

“டேய் தம்பி, வாசல்ல தானாத் திறக்குற கண்ணாடிக் கதவு போட்டிருக்கேன். பக்கத்துல இருக்குற கம்ப்யூட்டர்ல யாருன்னு தட்டினா, நம்ம ஆளுக்கு மட்டும்தான் திறக்கணும். யார் எப்போ மேடைக்கு வரணும்னு மைக்குல கூப்பிடுறதும் அதுவே செய்யணும். முதல் கல்யாணமே உன் மருமக பூங்கொடிக்குத்தான். சொதப்பினியோ, தாய்மாமன் சீரோட நீ தெருவுலயே நின்னுக்க வேண்டியதுதான்!”

பூங்கொடி சட்டைநாதனின் தோளில் வளர்ந்த பிள்ளை. எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று பட்டணம் போய் ஒரு நிபுணரிடம் யோசனை கேட்டார்.

“முதல்ல படம் வரைங்க” என்றார் நிபுணர். “யார் யார் வர்றாங்கன்னு ஒண்ணு, எதுக்கு அப்புறம் எதுன்னு ஒண்ணு, என்னென்ன தகவல் வேணும்னு ஒண்ணு. மூணும் முரண்படக் கூடாது. ஒண்ணுல எது மாறினாலும் மத்த ரெண்டுலயும் மாத்திடணும்.”

“எது மாறினாலும், எது மாறினாலும்” என்று பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார் சட்டைநாதன். பக்கத்து சீட்டுக்காரர் பயந்துபோய் எழுந்து நின்றுகொண்டார்.

கம்பெனியில் மூன்று மேதைகள் இருந்தார்கள். ஆள் படம் குழந்தைவேலுவுக்கு, வரிசைப் படம் அம்மையப்பனுக்கு, தகவல் படம் பிச்சாண்டிக்கு என்று வேலை பிரிந்தது.

வரைய உட்கார்ந்ததுமே குழந்தைவேலு படத்தின் மேல் ஒரு கொசு உட்கார்ந்தது. ஒரே அடி. அங்கேயே ஒட்டிக்கொண்டது.

“ஐயையோ, ஆள் படத்துல ஒரு ஆள் கூடிட்டாரே!” என்றார் அம்மையப்பன்.

“கொசு எப்படிய்யா ஆளாகும்?”

“கூப்பிடாம வந்து சாப்பிட்டுட்டுப் போறவங்களும் ஆள்தானே? அதுக்குத்தானே அக்கா கதவே போட்டிருக்காங்க?”

சட்டைநாதனுக்கு நியாயமாகத்தான் பட்டது. உடனே மற்ற இருவரும் அதே அளவுள்ள கொசு பிடிக்க, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சாக்கடையோரம் போய் உட்கார்ந்தார்கள். தகவல் படத்தில் ஒட்டிய கொசுவுக்கு நேரே ‘ரத்த வகை: எல்லாம்’ என்று பொறுப்பாக எழுதிவைத்தார் பிச்சாண்டி.

அடுத்தது பந்தி விவகாரம். அம்மையப்பன் படத்தில் பந்தி முடிந்துதான் தாலி. பிச்சாண்டி படத்தில் குறித்திருந்த நேரப்படி தாலி முடிந்துதான் பந்தி. சண்டை வேண்டாமே என்று அம்மையப்பன் பெருந்தன்மையாகத் தன்னுடையதைப் பிச்சாண்டி படம் மாதிரி மாற்றினார். அதே சமயம் பிச்சாண்டியும் பெருந்தன்மையாகத் தன்னுடையதை அம்மையப்பன் படம் மாதிரி மாற்றினார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மறுபடியும் முரண். மறுபடியும் பெருந்தன்மை. ரப்பர் தேய்ந்து, இரண்டு காகிதத்திலும் நடுவில் ஓட்டை விழுகிற வரைக்கும் யாரும் விட்டுக்கொடுப்பதை விட்டுக்கொடுக்கவில்லை.

“ரெண்டுல ஓட்டை, ஒண்ணுல இல்லை. இது தப்பாச்சே” என்றார் சட்டைநாதன்.

குழந்தைவேலு பணிவாகத் தன் படத்திலும் அதே இடத்தில் ஓட்டை போட்டார். அந்த இடத்தில் ஏற்கெனவே மாப்பிள்ளை இருந்தார்.

“இப்போ ஆள் படத்துல மாப்பிள்ளை இல்லைங்க” என்றார்.

“திருப்பி எழுதேன்.”

“ஓட்டையில எப்படிங்க எழுதுறது?”

நால்வரும் கன்னத்தில் கைவைத்து யோசித்தார்கள். கடைசியில் மற்ற இரண்டு படத்திலும் மாப்பிள்ளையை அழிப்பதுதான் சுலபம் என்று முடிவாகி, அழித்தார்கள். இப்போது வரிசைப் படத்தில் தாலி கட்டுகிற வேலை இருந்தது, கட்ட ஆள் இல்லை.

“பக்கத்துக் கட்டத்துல யாரு?” என்று கேட்டார் சட்டைநாதன்.

“சமையல்காரர்.”

“நல்ல மனுஷன். வெத்தலை கூடப் போட மாட்டார். தாலியிலேர்ந்து கோட்டை அவருக்கே இழுத்துடுங்க.”

மூன்று படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார் சட்டைநாதன். கொசு மேல் கொசு, ஓட்டை மேல் ஓட்டை. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்படியே சாஃப்ட்வேராக்கிக் கொண்டுபோய் மண்டபத்தில் பொருத்தினார்கள்.

கல்யாண நாள். சொந்தபந்தம் எல்லாம் தட்டித் தட்டி உள்ளே வந்தாயிற்று. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

“மாமா, ‘மாப்பிள்ளை’ன்னு தட்டினா ‘அப்படி ஒருவர் இல்லை’ங்குது!”

“டேய் பாவி!” என்று ஓடிவந்தாள் கோமளவல்லி. “முகூர்த்தம் முடியப்போகுதுடா. ஐயர் சொன்ன மந்திரத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டிருக்கார். கதவைத் திற!”

“திறக்கலாம்க்கா. ஆனா மாப்பிள்ளையைச் சேர்த்தா மூணு படத்துலயும் சேர்க்கணும். அதுக்கு முதல்ல ஓட்டையை அடைக்கணும்.”

பிச்சாண்டி தொண்டையைச் செருமினார். “மாப்பிள்ளைன்னு ஒருத்தர் இருக்காரான்னே சந்தேகமா இருக்குதுங்க. மூணு படம் இல்லைங்குது. ஒரே ஒருத்தர்தான் இருக்கேங்குறார். அதுவும் அவரே!”

“தனக்குத் தானே சாட்சி சொன்னா செல்லாது” என்றார் அம்மையப்பன்.

அப்போது மைக் கணீரென்று அழைத்தது: “தாலி கட்டும் நேரம். சமையல்காரர் மேடைக்கு வரவும்.”

பேரன் பேத்தி எடுத்த சமையல்காரர் நயினார், மைக்கில் கூப்பிட்டால் மறுத்துப் பழக்கமில்லாதவர். துண்டில் கையைத் துடைத்தபடி கரண்டியோடு மேடையேறினார். பூங்கொடி அலறினாள். கோமளவல்லி தலையில் அடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள்.

சட்டைநாதனும் பதறித்தான் போனார். அடுப்படிப் பக்கமிருந்து தீய்ந்த வாசனை வந்துகொண்டிருந்தது. கண்ணாடியோடு வாயை ஒட்டிவைத்துக்கொண்டு கெஞ்சினார்:

“மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. சமையல்காரர் தாலி கட்டப் போயிட்டார், பாயசம் அடிப்பிடிக்குது. கொல்லைக் கதவு திறந்துதான் கிடக்கு, அதுக்கு நாங்க படமே வரையலை. அப்படியே சுத்தி வந்து, மாலையைக் கழட்டி வச்சுட்டு, கொஞ்சம் கிளறி விட்டுடுங்களேன்!”