சந்தனம் நின்ற மூன்று நாள்

அநியாயம் நடந்தது சந்தனம் என்கிற பசுவுக்கு. மூன்று நாளாக அவள் வெக்கை தாங்காமல், படுக்கவும் மாட்டாமல், நின்றபடியே இரைத்துக்கொண்டிருந்தாள். ஆசிரமத்தார் அதைத் தவம் என்று சொல்லி, கழுத்தில் மாலை போட்டு, ஊரைக் கூட்டிக் காட்டினார்கள்.

வாயில்லா ஜீவன் என்பார்கள். வாய் இருந்தது. திறந்துதான் இருந்தது. நுரை ஒழுகிக்கொண்டிருந்தது. யார் பார்த்தது?

கொட்டில் வேலை பார்க்கும் சிஷ்யை மரகதம் பார்த்தாள். நேரே குருவின் முன்னால் போய் நின்றாள். வயதில் குரு அவளுக்குத் தம்பி. ஆனாலும் சாமி, சாமிதான்.

"நிக்கிறதெல்லாம் தவம்னா சாமி, நம்ம பஸ் ஸ்டாண்டுல பாதி ஊரு முக்தி அடைஞ்சிருக்கணும்."

குரு சிரித்தார். மூத்த சீடர் பொன்னம்பலம் சிரிக்கவில்லை.

"வாயை அடக்கு மரகதம். தவம்னு சொன்னதே சாமிதான்."

"சாமி சன்னல்ல இருந்து பாத்துச் சொன்னாரு."

அது உண்மை. அனல் காற்று அடிக்கக் கூடாதென்று கொட்டிலின் நான்கு பக்கமும் கீற்றுத் தட்டி கட்டி, அதன்மேல் நனைத்த கோணிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். தரிசனத்துக்கு ஒரே ஒரு சன்னல்.

"எட்டு மாசச் சினை, சாமி. இன்னைக்கும் இப்படியே நின்னா கன்னு வயித்துக்குள்ளயே போயிடும். படுத்தா அடிவயித்துல காத்துப் படாதுன்னு நிக்கிறா. அவ்வளவுதான் அவ தவம்."

"தண்ணிதான் வேளாவேளைக்கு ஊத்துறோமே!" என்றார் பொன்னம்பலம்.

குரு எழுந்தார். உச்சி வெயிலில் நடந்து, கொட்டிலுக்குள் புகுந்து, சந்தனத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மரகதமும் பின்னாலேயே போனாள்.

உள்ளே வெளிச்சம் பாலில் கரைத்த மஞ்சள்போல இருந்தது. ஈரம் ஆவியாகி மிதந்தது. தகரக் கூரை எங்கோ தொலைவில் முனகுவதுபோல் கேட்டது. ஏதோ ஒரு பெரிய வயிற்றுக்குள் தான் நிற்பதாக மரகதத்துக்குத் தோன்றியது.

சந்தனம் இரைத்தாள். சற்று நேரத்தில் குருவும் இரைத்தார். எந்த மூச்சு யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"உக்காருங்களேன், சாமி."

"உக்காந்தா இன்னும் புழுங்கும்."

சொல்லிவிட்டு, சொன்னது யார் என்பதுபோல அவர் பசுவைத் திரும்பிப் பார்த்தார்.

மரகதம் ஒரு குடம் தண்ணீரை இருவர்மேலும் ஊற்றினாள்.

"குளுந்துச்சா?"

"இட்லிப் பானைக்குள்ள உக்கார வச்ச மாதிரி இருக்கு."

அவள் இடுப்பில் செருகியிருந்த அரிவாளை உருவினாள். கிழக்குத் தட்டியின் கயிறு அறுந்தது. மேற்குத் தட்டியின் கயிறு அறுந்தது.

"அடிப் பாவி, அனல் உள்ள வந்துரும்!" வெளியிலிருந்து பொன்னம்பலம் அலறினார்.

வந்தது. மலை இடுக்கிலிருந்து கிளம்பி வந்தது. வெறும் வெயில் காற்றுதான். நனைந்த உடம்பில் பட்டதும் குருவின் தோள் சிலிர்த்தது. சந்தனத்தின் முதுகில் ஓர் அலை ஓடிற்று.

இன்னொரு குடம். இன்னொரு காற்று.

எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ. தட்டி விழுந்த இடத்தில் மலை, வேரில்லாததுபோல் கானலில் அசைந்தது.

பிறகு சந்தனம் முன்னங்கால்களை மடக்கினாள். மெல்லச் சாய்ந்து படுத்தாள். வாய் மூடியது. கொஞ்சம் பொறுத்து, அசைபோட ஆரம்பித்தாள். வயிற்றின் ஓரத்தில் ஏதோ புடைத்து அடங்கியது. மரகதம் அதைப் பார்த்துவிட்டு, குடத்தைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க சாமி. அவளுக்குக் காத்து வரட்டும்."

பொன்னம்பலம் ஓடிவந்து வாசலில் நின்றார்.

"போச்சு! நாலு மணிக்கு ரெண்டு வேன் நிறைய ஜனம் வருது, தவம் பாக்க. நான் என்ன சாமி சொல்றது அவங்ககிட்ட?"

உள்ளே எட்டிப் பார்த்தார்.

ஈரத் தரையில், பசுவுக்கு ஒரு கை தள்ளி, குரு மல்லாந்து கிடந்தார். அவளுடைய மாலையைக் கழற்றி அவள் வாய்க்கருகே வைத்திருந்தார். பாதி மாலை காணவில்லை.

"என்ன சொல்றது, சாமி?"

குரு கண்ணைத் திறக்கவில்லை.

"ரெண்டு பேரும் படுத்திருக்கோம்னு சொல்லுங்க."