பானை ஓட்டில் ஒரு கட்டைவிரல்

பொருநைக் கரையில் இருந்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தார் அருமைநாயகம். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. பெயர் ஆவுடைச்செல்வி. அதே பள்ளியில் அறிவியல் ஆசிரியை.

பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த வருஷம் அது. பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற அந்தத் திரையை மற்ற ஆசிரியர்கள் தூசி படியாமல் துணி போட்டு மூடி வைத்தார்கள். அருமைநாயகம் மட்டும் கூச்சப்படாமல் ஆவுடைச்செல்வியிடம் போய், எனக்கு இதைச் சொல்லித் தர வேண்டும் என்று கேட்டார். பள்ளி விட்ட பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஆசிரியர் அறையில் யாராவது கேலி பேசினால், "ஆமா, அவங்க எனக்கு குருதான்" என்பார். விளையாட்டுக்குச் சொன்னதில்லை அது.

அவரை ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. பதினோராம் வகுப்பில் வரலாற்றுப் பிரிவுக்குப் பிள்ளைகள் வருவது நின்றுபோயிருந்தது. வருகிற ஜூனிலும் ஆள் சேராவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். தன்னை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்பதுகூட அருமைநாயகத்துக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தான் உயிராக நினைப்பது இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அரையாண்டு விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஒரு படம் தயாரித்தார். அனிமேஷன் படித்த அக்கா மகன் துணைக்கு இருந்தான். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த பழைய துறைமுகம் திரையில் எழுந்தது. பாய் விரித்த கப்பல்கள் வந்தன. யானைகள் மரம் இழுத்தன. முத்துக் குளிப்பவர்கள் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கினார்கள்.

பத்தாம் வகுப்பில் அதைப் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள், அந்தக் கப்பல்களில் என்ன வந்தது, என்ன போனது என்று கேட்டார். கடைசியில் ஒரு குரல் மட்டும், அடுத்த படம் எப்போது என்று கேட்டது.

அன்று மாலை ஆவுடைச்செல்வியின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எதுல குறை வச்சேன் டீச்சர்? கப்பல் சரியா வரலையா? சத்தம் பத்தலையா?"

ஆவுடைச்செல்வி படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு உங்க பீரியடை எனக்குக் குடுங்க சார்" என்றார். பிறகு ஜன்னல் வழியாக வெளியே காட்டினார். "அந்த மண்ணுல இருந்து ரெண்டு ஓடு எடுத்துட்டு வாங்க."

சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரம் தோண்டியபோது அள்ளிக் கொட்டிய மண் அது. நிறைய பானை ஓடுகள் கிடந்தன. அருமைநாயகம்தான் தொல்லியல் துறைக்குச் சொல்லி ஆளை வரவழைத்தார். வந்தவர் பார்த்தார். இரண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாது, ஆனால் இந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் கிடைப்பதுதான் என்று சொல்லி, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதன் பிறகு பிள்ளைகள் அந்த ஓடுகளைக் காலால் எத்தி விளையாடினார்கள். அருமைநாயகமும் அவற்றை மிதித்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போய்வந்தார்.

மறுநாள் ஆவுடைச்செல்வி வகுப்புக்கு ஒரு சின்னக் கருவியோடு வந்தார். வெங்காயத் தோலைப் பெரிதாக்கிக் காட்ட அவர் வைத்திருந்த உருப்பெருக்கிக் கேமரா அது. ஒரு கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். அதை ஸ்மார்ட் போர்டில் இணைத்தார். பாடம் என்ன என்று சொல்லவில்லை. அருமைநாயகம் கொண்டுவந்த ஓடுகளில் ஒன்றை எடுத்து, அதன் உள்பக்கத்தைக் கேமராவுக்குக் கீழே வைத்தார்.

திரை முழுக்கக் கருப்பாக ஒரு நிலம் விரிந்தது. மேடும் பள்ளமுமாக, நடுநடுவே மணல் பளபளத்தது. ஏதோ கிரகம் மாதிரி இருப்பதாகப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். ஆவுடைச்செல்வி ஓட்டை மெல்ல நகர்த்தினார். காலையில் பார்த்து வைத்திருந்த ஓர் இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

உழுத வயல் போல வரிவரியாக ஏதோ தெரிந்தது. வரிகள் வளைந்தன, ஒன்றையொன்று தொடாமல் சுழித்துக்கொண்டு போயின.

முன் பெஞ்சில் இருந்த இசக்கிராணி எழுந்து நின்றுவிட்டாள். தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"டீச்சர், இது ரேகை" என்றாள்.

ஆவுடைச்செல்வி அவளை வரச் சொன்னார். பழைய ரேகையைத் திரையின் ஒரு பாதியில் நிறுத்திவிட்டு, அவளுடைய கட்டைவிரலைக் கேமராவுக்குக் கீழே வைக்கச் சொன்னார். மறுபாதியில் அவள் ரேகை வந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு விரல்கள். ஒன்றுக்கு உயிர் இருந்தது, லேசாக நடுங்கியது.

இசக்கிராணி வெகுநேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்.

"டீச்சர், இந்தக் கோடெல்லாம் என் கோட்டைவிட நெருக்கமா இருக்கு. இது என்னைவிடச் சின்னப் பிள்ளை."

கடைசி பெஞ்சுப் பக்கம் நின்றிருந்த அருமைநாயகம் திரையை நோக்கி இரண்டடி முன்னால் வந்தார். ஈர மண் காய்வதற்குள் ஒரு பிள்ளை அதைத் தொட்டிருக்கிறது. அரசர்கள் வந்து போனார்கள், துறைமுகம் தூர்ந்தது, ஆறு தடம் மாறியது, அந்தத் தொடுதல் அப்படியே இருக்கிறது. அதன் மேல்தான் அவர் செருப்புக் காலோடு நடந்திருக்கிறார்.

அப்புறம் கேள்விகள் வந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன. அந்தப் பிள்ளை பானை வனைந்ததா, தூக்கி மட்டும் கொடுத்ததா? வேலைக்கு வந்ததா, விளையாட வந்ததா? அதற்குப் பேர் வைத்திருப்பார்கள்தானே? எல்லா முகங்களும் திரும்பி வரலாற்று ஆசிரியரையே பார்த்தன.

அருமைநாயகம் வாயைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் வகுப்பறையில் அவர் ஒருமுறைகூடச் சொல்லாத சொல் வந்தது.

"தெரியலைம்மா."

சிரிப்பார்கள் என்று நினைத்தார். யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சு நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மண்ணைச் சுட்டா சுருங்கும்லா சார்?" என்றாள் இசக்கிராணி. "அப்ப ரேகையும் சுருங்கியிருக்கும். பெரிய ஆளோடதா இருந்தாலும் இருக்கும். எப்படிக் கண்டுபிடிக்க?"

அதற்கும் அவருக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் இந்தத் தடவை பயம் வரவில்லை. "சுட்டுப் பாத்துருவோமா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை வகுப்பே ஆற்றுக்குப் போய்க் களிமண் கொண்டுவந்தது. பிசைந்து தட்டி ஆளுக்கொரு வில்லை செய்தார்கள். கட்டைவிரலை அழுத்தினார்கள். அழுத்தும்போது பேச்செல்லாம் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றிருப்பாள் என்றாள் ஒருத்தி. இல்லை, அவன் திருட்டுத்தனமாகத் தொட்டுப் பார்த்து அப்பனிடம் அடி வாங்கியிருப்பான் என்றான் இன்னொருவன். அதைக் கேட்டு யாரோ, பாவம் என்றார்கள்.

வில்லைகள் காய்ந்ததும் மைதான மூலையில் தென்னை மட்டையும் வறட்டியும் அடுக்கிச் சுட்டார்கள். ஆறவைத்து ஒவ்வொன்றாகக் கேமராவில் வைத்துப் பார்த்தார்கள். ரேகை சுருங்கித்தான் இருந்தது. ஆனால் பழைய ஓட்டில் இருந்த அளவுக்கு நெருக்கமாக ஒன்றும் இல்லை. அருமைநாயகமும் தன் விரலை வைத்திருந்தார். அது எல்லாவற்றையும்விட அகலமாக இருந்தது.

இசக்கிராணி ஆறாம் வகுப்புக்கு ஓடிப் போய், சின்னப் பிள்ளைகள் சிலரைக் கூட்டி வந்தாள். மிச்ச மண்ணில் அவர்களையும் அழுத்தச் சொல்லிச் சுட்டார்கள். அவற்றில் கோடுகளின் நெருக்கம் பழையதோடு கிட்டத்தட்டப் பொருந்தி வந்தது. அப்போதும் யாரும் கைதட்டவில்லை. திரைக்கு முன்னால், கோயிலில் நிற்பதுபோல நின்றார்கள்.

ஜூன் மாதம் வரலாற்றுப் பிரிவை மூடவில்லை. இன்னும் நான்கு பெஞ்சு வேண்டும் என்று அருமைநாயகம் தலைமையாசிரியரிடம் கேட்கப் போனார். திரும்பி வரும் வழியில் ஆவுடைச்செல்வியின் ஆய்வகத்துக்குள் நுழைந்தார். முகம் மலர்ந்திருந்தது.

புதிதாக ஒரு யோசனை வந்திருப்பதாகச் சொன்னார். அந்தப் பானைப் பிள்ளையையே படமாக எடுக்கப் போகிறாராம். அக்கா மகன் சரி என்றுவிட்டானாம். ஆற்றங்கரை, சக்கரம், ஈர மண், அதைத் தொடும் கை எல்லாம் வருமாம். இந்த வருஷம் வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே அதைப் போட்டுக் காட்டிவிடலாம் என்றார்.

ஆவுடைச்செல்வி லென்ஸைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"நல்லா இருக்கும் சார்" என்றார். "முகம் மட்டும் யாரோடதா வரைவீங்க?"

அருமைநாயகம் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு வெளியே போய், முதல் நாள் வகுப்புக்கென்று அந்த மண்ணிலிருந்து ஓர் ஓடு எடுத்து வந்தார்.