இரண்டாம் ரேங்க்

கோமதிநாயகம் கேட்க வந்த கேள்விக்கு வயது முப்பத்தாறு. அவருக்கு ஐம்பத்தெட்டு. புள்ளியியல் வாத்தியாராக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றார். அந்தக் கேள்வி மட்டும் ஓய்வு பெற மாட்டேன் என்றது.

பாளையங்கோட்டையில் தேவசகாயம் சார் வீட்டுக் கதவைத் தட்டினார். கல்லூரியில் அவருக்குப் பாடம் எடுத்தவர். எண்பத்து நாலு வயதிலும் சாருக்கு இவரைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

“பதினாலாம் நம்பர் ரூம்தானடே நீ?”

அந்த ஒரு வார்த்தையில் கோமதிநாயகத்துக்கு விடுதி முழுக்க நினைவுக்கு வந்துவிட்டது. கொடியில் காயும் வேட்டிகள். அவரும் அறைத்தோழன் மைதீன் பிச்சையும் மாற்றி மாற்றி மிதித்த ஒரே சைக்கிள். தரவு வகைகள் நடத்திய முதல் நாளில் சார் இவர்களைத்தான் எழுப்பி நிறுத்தினார். “பதினாலாம் ரூம்ல ரெண்டு பேர் இருந்தா அது இருபத்தெட்டாம் ரூம் ஆயிருமா?” வகுப்பே சிரித்தது. அறை எண் வெறும் பெயர்தான் என்று அன்று படித்தார்கள்.

“மைதீன் எப்படி இருக்கான்?” என்று சார் கேட்டார்.

“வீட்டைக் காலி பண்ணிட்டு மகன்கிட்ட பெங்களூருக்கே போறான். இன்னிக்குச் சாயங்காலம் ரயில். வந்து பாத்துட்டுப் போன்னு சொல்லி விட்டிருக்கான்.”

“போனியா?”

கோமதிநாயகம் தான் கேட்க வந்ததைக் கேட்டார்.

“கடைசி வருஷம் அவன் ஃபர்ஸ்ட், நான் செகண்ட். போர்டுல ரேங்க் மட்டும்தான் போட்டீங்க. நான் எத்தன மார்க்குல சார் தோத்தேன்?”

சார் எழுந்து அலமாரியைத் திறந்தார். நூல் கட்டிய பழைய மார்க் நோட்டை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

“இதுல இருக்கு. அவுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. ரேங்க் என்ன வகை?”

“வரிசைத் தரவு.”

“ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் எவ்வளவு தூரம்னு அதுல தெரியுமா?”

“தெரியாது சார். யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு மட்டும்தான்.”

“பாடம் மறக்கல. அப்ப அந்தத் தூரத்தை யாரு போட்டது?”

கோமதிநாயகத்தின் விரல் நூல் முடிச்சிலேயே நின்றது.

“சரி, காலேஜ விட்டப்புறம் அவன்கிட்ட எத்தன தடவ பேசியிருக்க?”

“அவன் பேச வந்தான் சார். நான் பேசல.”

“நம்பரா சொல்லு.”

“பூஜ்யம்.”

“தெர்மாமீட்டர்ல பூஜ்யம் காட்டினா சூடே இல்லன்னு அர்த்தமா?”

“இல்ல சார். அது நாம வச்சுக்கிட்ட பூஜ்யம்.”

“இது?”

“இது எண்ணிக்கை.” அவர் குரல் இறங்கிவிட்டது. “இதுல பூஜ்யம்னா ஒண்ணுமே இல்ல.”

முடிச்சை அவிழ்க்காமலே நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். சார் அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

“ரேங்குலதான்டே கூட்ட முடியாது. இதுல ஒண்ணு கூட்டலாம். ரயில் எத்தன மணிக்கு?”